ஒரே ஓடைக்காரர்கள்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. ஆங்கிலச் சொல் ஒன்று காதில் விழுந்தால் போதும், அது எந்த ஊரில் பிறந்தது, அதன் அப்பன் ஆத்தாள் யார், முதலில் என்ன வேலை பார்த்தது, எப்போது இந்த வேலைக்கு வந்தது என்று குடைந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. சம்பந்தம் பேச வந்த குடும்பத்தைப் பற்றி எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் எப்படித் துருவித் துருவி விசாரிப்பார்களோ, அப்படி. இதற்கு மருந்து கிடையாது. இருந்தாலும் நான் சாப்பிடப் போவதில்லை.

தொற்றிய இடம் ஹட்டன். படிப்பை முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர்தான் புத்தகக் கடை. கொப்பி, பேனா, கலர் பேப்பர், சாமி கலண்டர் என்று மற்றதெல்லாம்தான் விற்கும். மேல் தட்டில் ஒரு தடித்த ஆங்கில அகராதி கிடந்தது. முதலாளியின் அப்பா காலத்துச் சரக்காம். ஒருவர்கூட விலை கேட்டதில்லை. புதுவீட்டு வாசலில் தொங்குகிற திருஷ்டிப் பூசணி மாதிரி அது கடைக்குக் காவல் இருந்தது. பள்ளிக்கூடம் விடும்வரை ஈ ஓட்டுவதுதான் என் வேலை என்பதால், ஒரு மத்தியானம் ஏணி போட்டு அதை இறக்கினேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில், பொடி எழுத்தில், அதன் பூர்வீகம் போட்டிருந்தது. அன்று இறக்கியதை நான் திரும்ப ஏற்றி வைக்கவே இல்லை.

முதலில் தேடிய சொல் ‘பஸ்’. காரணம், அன்று காலை தோட்டத்திலிருந்து ஹட்டன் வரைக்கும் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு வந்திருந்தேன். மற்றக் கால் யாருடைய பைக்குள்ளோ இருந்தது. ‘பஸ்’ என்பது ஒரு நீண்ட லத்தீன் சொல்லின் வால் என்றது அகராதி. தலையும் உடம்பும் உதிர்ந்து வால் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முழுச் சொல்லுக்கு அர்த்தம் ‘எல்லாருக்கும்’. நான் கடையில் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சாயங்காலம் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டே கண்டக்டரிடம் இதைச் சொன்னேன்.

“எல்லாருக்குந்தான? அப்ப முன்னுக்குப் போங்க தங்கச்சி, இன்னும் ஆளு ஏறணும்,” என்றார்.

அதற்குப் பிறகு நான் யாரையும் விட்டுவைக்கவில்லை. ஜன்னலைத் திறந்த பெரியம்மாவிடம், ‘விண்டோ’ என்றால் காற்றின் கண் என்றேன். “அப்ப தூசி விழுந்துரும், சாத்து,” என்றார். சட்டைக் கையைச் சுருட்டிப் புஜம் காட்டித் திரிந்த பக்கத்து வீட்டு இளவட்டத்திடம், ‘மஸல்’ என்றால் லத்தீனில் குட்டி எலி, தோலுக்குக் கீழே எலி ஓடுகிற மாதிரி இருப்பதால் வந்த பேர் என்றேன். அதிலிருந்து என்னைக் கண்டால் அவன் கையை இறக்கிவிட்டுக்கொண்டான். இந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கிறது குதிரைக் கொம்புதான் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

அம்மா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். கொழுந்து பறிக்கிறவள். வீட்டில் அவளுடைய மொத்தப் பேச்சும் ஒரு ‘ம்’தான். கிழங்கு உரித்துக்கொண்டே என் சொற்களையெல்லாம் ‘ம்’ போட்டுக் கேட்பாள். ஆனால் மலைக்குப் போய்விட்டால் ஆளே வேறு. தேயிலைக் காட்டைத்தான் நாங்கள் மலை என்போம். இந்தச் சரிவில் நின்று அந்தச் சரிவிலிருப்பவளை அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால், இரண்டு சரிவும் திரும்பிப் பார்க்கும். மைக் தேவையில்லாத பிறவி.

அப்பா மைக்குக்காகவே பிறந்தவர். மேல்பிரிவுக் கோயில் கமிட்டித் தலைவர். திருவிழாவில் அவர் “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று சொல்லாமல் சாமி ஒரு அடி நகராது.

மேல்பிரிவு என்று சொல்லிவிட்டேன். எங்களுடையது ஒரே தோட்டம், இரண்டு பிரிவு. மேலே நாங்கள், கீழே அவர்கள். இரண்டுக்கும் ஒரே ஓடை. அதிலிருந்து தகடு வைத்து இறக்கிய தண்ணீர் முதலில் எங்கள் பீலியில் கொட்டும். நாங்கள் குளித்து, துவைத்து, ஊர்க்கதை பேசி முடித்த பிறகு மிச்சம் கீழே அவர்கள் பீலிக்குப் போகும். ஒரு கோடையில் அப்பா தலைமையில் எங்கள் ஆட்கள் ஓடையின் தலைமாட்டிலேயே ஒரு பெரிய குழாயைப் போட்டுவிட்டார்கள். கீழே தண்ணீர் மெலிந்தது, சண்டை தடித்தது. அதிலிருந்து திருவிழாவுக்குப் போக்குவரத்து இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பில்லை. சாவுக்கு மட்டும் வந்து, தேத்தண்ணி குடிக்காமல் போவார்கள். அறுந்து போகாமல் இருந்தது வருஷா வருஷம் நடக்கிற கிரிக்கெட் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் முகத்துக்கு நேராகத் திட்டிக்கொள்ள வேறு வழி இல்லையே.

அந்தக் கீழ்ப்பிரிவு அணியின் கேப்டன் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தார்.

“ஸ்கோர் புக் இருக்குங்களா?”

“இருக்கு. ஸ்கோர்னா என்னன்னு தெரியுங்களா?”

சாதாரண மனிதனாக இருந்தால் காசை வைத்துவிட்டு ஓடியிருப்பான். இவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, “தெரியாதுங்க. சொல்லுங்க,” என்றார். ‘ஸ்கோர்’ என்றால் குச்சியில் போடுகிற வெட்டு. ஆடு எண்ணுகிறவன் இருபது ஆட்டுக்கு ஒரு வெட்டு போடுவான் என்றேன். அவர் யோசித்தார். “எங்க டீம் எடுக்குற ரன்னுக்கு ஒரு குச்சியே தாராளங்க,” என்று சொல்லிவிட்டு, புத்தகம் வாங்காமலே போய்விட்டார். மறுநாள் வந்து வாங்கினார். அதற்கு அடுத்த நாள் பேனா வாங்க வந்தார்.

ஒரு பேனாவுக்கு ஒரு சொல் என்று ஆனது. ‘விக்கெட்’ என்றால் பெரிய கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன வாசல். ‘கேப்டன்’ தலையிலிருந்து வந்தது, நம்முடைய தலைவர் வந்த மாதிரியே. ‘கேட்ச்’சும் ‘சேஸ்’சும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், துரத்துவதற்கும் பிடிப்பதற்கும் ஒரே மூலம்தான் என்று சொன்ன அன்று அவருக்குக் காது சிவந்தது. எனக்கும்தான். இன்னொரு நாள் அவர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “நீங்க பேசுறது ரொம்ப நைஸ்ங்க,” என்றார். ‘நைஸ்’ என்றால் ஆதியில் ஒன்றும் தெரியாத மடையன் என்று அர்த்தம் என்றேன். “அப்ப அது நான்தாங்க,” என்றார். கிரிக்கெட் சொற்கள் தீர்ந்துபோனபோது இருவருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, ஆங்கிலத்தில் வேறு சொற்களும் இருந்தன. குவிந்துபோன பேனாக்களை அவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

சித்திரை பிறக்கும் முன்பே, புதுவருஷம் கழிந்ததும் பெண் கேட்டு வரலாமா என்று அவருடைய மாமா ஆள் மூலம் எங்கள் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். அப்பா உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சேதியைக் கேட்டதும் சீனி கையிலேயே நின்றுவிட்டது. கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மீதித் தேத்தண்ணியை மெதுவாகக் குடித்து முடித்தார்.

“பையன் நல்ல பையன், தெரியும். ஆனா அந்தப் பக்கத்து ஆளுங்க. இப்பிடி வச்சுக்குவோம். புதுவருஷத்துக் கிரிக்கெட் பைனல் நமக்கும் அவங்களுக்கும்தான். கப்பு நம்ம பக்கம் வந்தா அவங்க தாராளமா பொண்ணு கேட்டு வரட்டும், ஜெயிச்சவன் பெருந்தன்மையா குடுத்தான்னு இருக்கும். கப்பு அந்தப் பக்கம் போச்சுன்னா இந்தப் பேச்சை விட்டுறணும். கப்பையும் குடுத்து பொண்ணையும் குடுத்தான்னு நாலு பேரு சிரிப்பான்.”

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வியாதிதான் முந்திக்கொண்டது.

“அப்பா, ஒண்ணு தெரியுங்களா? இங்கிலீசுல ‘வெட்டிங்’குங்குற வார்த்தைக்கும் ‘வேஜர்’ங்குற வார்த்தைக்கும் ஒரே வேருப்பா. கல்யாணமும் பந்தயமும் ஒரே குடும்பம். ரெண்டுமே வாக்குக் குடுக்குறது.”

“வாய மூடிக்கிட்டு போய் பாத்திரத்தக் கழுவு,” என்றார் அப்பா. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ என்றாள். அது யாருக்குப் போட்ட ‘ம்’ என்று தெரியவில்லை.

மறுநாள் கடைக்கு வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பேனா வாங்காமல் நின்றார்.

“நான் தோக்கணும்ங்கிறீங்களா?”

“நான் அப்பிடிச் சொல்லலயே.”

“சொன்னாலும் தோக்க மாட்டேங்க. தோத்து வாங்குனான்னு நீங்களே ஒரு நாளைக்கு என்னைய கேலி பண்ணுவீங்க.”

உண்மைதான், பண்ணியிருப்பேன். அந்த நிமிஷம் அவரை அகராதியாலேயே அடிக்க வேண்டும் போல் கோபம் வந்தது. அவர் படியிறங்கிப் போன பிறகு, இந்த ஆளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அதைவிடப் பெரிதாக ஆசை வந்தது. அன்று வந்த மூன்று வாடிக்கையாளருக்குப் பிழையான சாமான் கொடுத்தேன்.

புதுவருஷத்தன்று நடக்க வேண்டிய பைனல் மழையால் தள்ளிப்போய், பின்னால் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நின்றது. வழக்கமாக மைக்கில் வர்ணனை செய்கிற அண்ணன் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார். யாரைப் போடுவது என்று இரு பக்கமும் முழித்தபோது எங்கள் ஆட்கள் என்னைச் சொன்னார்கள். மேல்பிரிவுப் பெண், கமிட்டித் தலைவர் மகள், எப்படி நடுநிலையாகப் பேசுவாள் என்று கீழ்ப்பிரிவில் கூச்சல். அவர்கள் கேப்டன் எழுந்து, “அவங்களே பேசட்டும்ங்க. அவங்களுக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்ல,” என்றாராம். அப்பா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இருந்தாலும் மகள் கைக்கு மைக் போவதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். எப்படிப் பிடிப்பது என்று காலையிலேயே சொல்லிக் கொடுத்தார்.

மைதானம் இரண்டு பிரிவுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் எல்லைக்கோட்டிலிருந்தே தேயிலைச் சரிவு ஏறத் தொடங்கிவிடும். இதனால் எங்கள் மைதானத்துக்கென்று ஒரு சட்டம் உண்டு. தேயிலைச் செடிக்குள் பந்து விழுந்தால் இரண்டு ஓட்டம், பந்து அதோடு செத்தது. பந்தைத் தேடிச் செடியை மிதித்தால் தோட்டத்துத் துரை ஆளையே தேடுவார் என்பதால் எங்கள் முன்னோர்கள் செய்த ஏற்பாடு. தேயிலைப் பக்கம் போகிற பந்து செடியில் விழாமல் வேறு எங்கே விழப்போகிறது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

அன்று கொழுந்து பொங்கி நின்றதால், அந்தச் சரிவிலேயே கைக்காசு வேலை கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையில் பறித்துப் போடுகிற நிறைக்குத் தனியாகக் காசு. இரண்டு பிரிவுப் பெண்களும் நிரை பிடித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அம்மாவும் ஒருத்தி. மூங்கில் கூடை போய் நைலான் சாக்கு வந்து எத்தனையோ காலமாயிற்று; நாங்கள் அதையும் கூடை என்றுதான் சொல்கிறோம். நெற்றியில் கயிறு, முதுகில் வாயைத் திறந்துகொண்டு தொங்குகிற கூடை. கை கொழுந்தில், காது என் மைக்கில்.

அம்பயர் வட்டகொடையிலிருந்து ரயிலேறி வந்த ஒரு தபால்காரர். எந்தப் பிரிவும் இல்லாத மனிதர் என்பதற்காகவே தேடிப் பிடித்தது. அவரை அறிமுகப்படுத்தும்போது, ‘அம்பயர்’ என்றால் ஜோடியில்லாதவர், இரண்டு பேருக்கு நடுவில் ஒற்றையாக நிற்கிற மூன்றாவது ஆள் என்று மைக்கில் சொன்னேன். அவர் மைதானத்தின் நடுவிலிருந்து இரண்டு கையையும் ஆட்டி, “எனக்கு வட்டகொடையில பொண்டாட்டி இருக்கும்மா!” என்று கத்தினார். மலையில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ஆட்டமே கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கியது.

எங்கள் பக்கம் முதலில் அடித்து நல்ல ஓட்டம் சேர்த்தது. கீழ்ப்பிரிவு துரத்த இறங்கியது. என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர் மட்டையோடு வந்து நின்றதும், இந்த ஆள் முதல் பந்திலேயே அவுட்டாக வேண்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். அவர் நான்கு அடித்ததும் மைக்கை மறந்து குதித்தேன். அப்பா ஸ்கோர் மேசைக்குப் பக்கத்தில், என் கையெட்டும் தூரத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்; என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உடனே, “அருமையான பந்து வீச்சு, ஆனாலும் நான்கு,” என்று சமாளித்தேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பனி இறங்கியது. மலையிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வை உருண்டு வந்து, முதலில் அம்மாவை மூடியது, பிறகு பீல்டர்களை, பிறகு அம்பயரை. மைக்கும் நானும்தான் மிச்சம். சனம் கலைந்துவிட்டால் மறுபடி சேர்க்க முடியாது, பேசிக்கொண்டே இரு என்று ஸ்கோர் எழுதுகிறவர் சைகை காட்டினார். என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா? எனக்குப் பரலோகமே திறந்துவிட்டது. ‘எஸ்டேட்’ என்றால் நிற்பது என்ற சொல்லிலிருந்து வந்தது, அதனால்தான் நம் அம்மாமார் நாள் முழுக்க நின்றே சாகிறார்கள் என்றேன். ‘டீ’ சீனத்துக் கரையோரத்தில் பிறந்து கப்பலேறிய சொல், நம்முடைய தேயிலையில் முதல் எழுத்து சீனம், மிச்சம் தமிழ் என்றேன். பனிக்குள்ளிருந்து விசில் பறந்தது. அந்த உற்சாகத்தில், வாய்க்கு வந்த அடுத்த சொல்லைச் சொல்லிவிட்டேன்.

“அன்பான ரசிகப் பெருமக்களே, இன்று மோதுகிற இரு அணிகளும் பரம எதிரிகள். இங்கிலீசில் ‘ரைவல்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு லத்தீனில் என்ன அர்த்தம் தெரியுமா? ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர்!”

சத்தமே இல்லை. பனிக்குள் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அமைதி. குழாய்ச் சண்டையை மைக்கில் இழுத்துவிட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் நாற்காலி கிரீச்சிட்டது.

பனிக்குள்ளிருந்து ஒரு கீழ்ப்பிரிவுக் குரல் கேட்டது. “அப்ப அந்தக் குழாயக் கழட்டச் சொல்லு தங்கச்சி!”

“முடிஞ்சா வந்து கழட்டுடா!” என்றது ஒரு மேல்பிரிவுக் குரல்.

இரண்டுக்கும் மேலே, சரிவிலிருந்து, மூன்றாவதாக ஒரு குரல் மைதானத்தையே தாண்டிப் போனது. “ஒரே தண்ணியக் குடிச்சா அது சொந்தம்தான? எதிரி எப்பிடி ஆகும்?”

பனியில் குரலுக்கு முகம் கிடையாது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சண்டையும் அதோடு அமுங்கியது. ஆனால் அந்தக் குரலை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். நாற்காலியில் இருந்தவரும் கல்யாணம் ஆனதிலிருந்து கேட்கிறார். நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தோம்.

பனி விலகி, ஆட்டம் தொடர்ந்து, கடைசிப் பந்துக்கு வந்து நின்றது. கீழ்ப்பிரிவு ஜெயிக்க நான்கு ஓட்டம் வேண்டும். மட்டையோடு நிற்பது அவர். இரண்டு எடுத்தால் கப்பு எங்களுக்கு, அவர் எனக்கு. நான்கு எடுத்தால் கப்பு அவருக்கு, நான் யாருக்கோ. எங்கள் பந்து வீச்சாளன் ஓடி வந்தான். அவர் மட்டையைச் சுழற்றினார். பந்து தேயிலைப் பக்கம் உயர்ந்தது. வானத்தில் அது இருந்த நேரம் முழுவதும் நான் மைக்கில் சொன்னது ஒரே ஒரு “ஐயோ!” அந்த ‘ஐயோ’ எந்தப் பக்கத்துக்கானது என்று இன்றுவரை விசாரிக்கிறார்கள்.

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி, சரிவில் குனிந்து பறித்துக்கொண்டிருந்த ஒருத்தியின் முதுகுக் கூடைக்குள் பொத்தென்று விழுந்து மறைந்தது. அவள் தடுமாறி நிமிர்ந்து, “எவன்டா அது!” என்று சத்தம் போட்டாள். என் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை வர்ணிக்க எனக்கு நான்கு வாய் வேண்டியிருந்தது. கோட்டைத் தாண்டித் தரையில் படாமல் போனது, ஆறு என்று கீழ்ப்பிரிவு. கூடைக்குள் இருப்பதும் தேயிலைதானே, இரண்டுதான் என்று மேல்பிரிவு. பிடித்தது எங்கள் பிரிவு அம்மா, அதனால் கேட்ச், அவுட் என்று ஒரு மேல்பிரிவுச் சட்ட மேதை. அம்பயர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு கையை உயர்த்தினார்.

“இதுல ஒரே கேள்விதான். முதல்ல செடியில பட்டு அப்புறம் கூடைக்குள்ள போயிருந்தா ரெண்டு. செடியில படாம நேரா போயிருந்தா ஆறு. பந்து யாரு கூடையிலயோ அவங்களையே கேப்போம்.”

கீழ்ப்பிரிவு கொதித்தது. அது கமிட்டித் தலைவர் சம்சாரம், வேறு எதைச் சொல்லும்? நியாயமான கேள்விதான். நானும் அதையேதான் நம்பினேன், இல்லை, வேண்டிக்கொண்டேன். அம்மா, ஒரே ஒரு பொய். பட்டுச்சு என்று சொல்லு. உன் மகள் கரையேறிவிடுவாள். அப்போது அவர் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தன் ஆட்களைப் பார்த்து, “அவங்க என்ன சொல்றாங்களோ அது சரி,” என்றார். கூச்சல் நின்றது.

அம்பயர் எல்லைக்கோட்டுக்குப் போய் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். “அம்மா, பந்து செடியில பட்டுச்சுங்களா?”

அம்மா கூடைக்குள் கைவிட்டுக் கொழுந்தைக் கிளறிப் பந்தை எடுத்தாள். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, இரண்டு சரிவும் ஒரு மைதானமும் கேட்கிற அந்தக் குரலில் சொன்னாள்.

“செடியில படலங்க. மாப்புள்ள அடிச்சது நேரா எங்கூடைக்குத்தான் வந்துச்சு.”

ஒரு கணம் அது யாருக்கும் விளங்கவில்லை. அம்பயர் மட்டும் கடமை தவறாமல் இரண்டு கையையும் தூக்கி ஆறு காட்டினார். பிறகுதான் நிரையின் கடைசித் தொங்கலில் யாரோ குலவை போட்டார்கள். அடுத்தவள் தொடர்ந்தாள். சரிவு முழுவதும், மேல்பிரிவுப் பெண், கீழ்ப்பிரிவுப் பெண் என்று பார்க்காமல், கூடையைச் சுமந்தபடியே எல்லாரும் குலவை போட்டார்கள். மைதானத்து நடுவில் அவர் மட்டையை நழுவவிட்டு நின்றார்.

எனக்கு வார்த்தை வரவில்லை. அகராதியில் இருக்கிற அத்தனை சொல்லும் என்னைக் கைவிட்டுவிட்டன. மைக்கில் நான் விட்டு விட்டு மூச்சு வாங்குவது மட்டும் ஸ்பீக்கரில் கேட்டதாம். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியாது. கப்பு போய்விட்டது, அப்பாவின் வாக்கும் அதோடு போய்விட்டது. அம்மாவோ ஊரறியச் சொல்லிவிட்டாள்.

அப்பா எழுந்தார். என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். விரலால் தட்டினார்.

“ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங்.” “கீழ்ப்பிரிவு இளைஞர்களுக்கு வாழ்த்துகள். என் மக ஒரு தடவ சொன்னா, இங்கிலீசுல கல்யாணத்துக்கும் பந்தயத்துக்கும் ஒரே வேருன்னு. பாத்திரம் கழுவச் சொன்னேன். இப்ப நான் பந்தயத்துல தோத்துட்டேன். அப்ப மிச்சம் இருக்குறது கல்யாணந்தான். அடுத்த ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வர்றவங்க வரலாம்.” நிறுத்தினார். திரும்ப மைக்கை வாய்க்கு நெருக்கமாகக் கொண்டுபோனார். “ஆனா கப்பைத் தூக்கிக்கிட்டு யாரும் வரக் கூடாது.”

கப்பில்லாமல்தான் வந்தார்கள். பெரிய கூட்டம், எங்கள் லயத்து அறை அன்று பஸ்ஸாகிப் போனது. எல்லாரும் தேத்தண்ணி குடித்தார்கள். குழாயில் கீழ்ப்பக்கத்துக்கும் ஒரு வாய் வைக்கிற பேச்சு பெண் பேச்சுக்கு முன்பே முடிந்துவிட்டது. தட்டு மாற்றும்போதுதான் கவனித்தேன். எங்கள் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், நடுவில் கொழுந்துக் கறை பிடித்த அந்தப் பந்து. அம்மா வைத்திருந்தாள்.

அவர் அதை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் என்னைப் பார்த்து, “இன்னைக்கு என்ன வார்த்தைங்க?” என்றார். எனக்கு அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை. வெட்கத்தில் தலை குனிந்துகொண்டேன்.

“ரைவல், மாப்புள்ள,” என்றார் அப்பா. “ஒரே தண்ணி.”

அடுப்படியிலிருந்து அம்மா ‘ம்’ என்றாள்.